ராட்சசனுக்குக் கண் வைக்கவில்லை

பிப்ரவரி 3, செவ்வாய்

பல் செய்யும் லேபில் இன்று என் மேஜையை மாற்றினார்கள். பதினாறு வருடம் ஜன்னலோர மேஜை. செயற்கைப் பல்லுக்கு நிறம் கொடுக்கிற வேலை. பல்லின் விளிம்பில் இருப்பது நீலமா சாம்பலா என்று பார்த்துப் பார்த்து மெல்லிய தூரிகையால் தொட வேண்டும். இனி நான் வாசல் பக்கம், பெட்டியில் போட்டு முகவரி ஒட்டுகிற இடத்தில். மேலாளர் நல்ல மனுஷி. "கொஞ்ச நாளைக்குத்தான், கைக்கு ஓய்வு கொடுங்க" என்றார். கொஞ்ச நாள் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நரம்பு டாக்டர் சொன்னதை ஒரே ஒரு தடவை இங்கே எழுதிவிடுகிறேன். வலது கை நடுக்கம். உயிருக்கு ஆபத்தில்லை. மாத்திரையில் கொஞ்சம் குறையும், முழுசாகப் போகாது. சும்மா மடியில் கிடந்தால் ஆடாது. ஏதாவது செய்யப் போனால்தான் ஆடும். வேலை இல்லாத நேரத்தில் மட்டும் சமர்த்து.

வீட்டுக்காரருக்குத் தெரியும். தம்பிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

பிப்ரவரி 7, சனி

தம்பி வீட்டில் சனிக்கிழமை ஆட்டம். (என்றைக்காவது யாராவது இந்த நோட்டைப் படித்தால் சீட்டாட்டம் என்று நினைக்கக் கூடாது. மேஜை மேல் அட்டையில் மலை, ஆறு, பாலம் எல்லாம் செய்து, விரல் உயரப் படைகளை நிறுத்தி, அளவு நாடா பிடித்து, பகடை உருட்டி நடத்துகிற போர். நாற்பத்தெட்டு வயதில் இது தேவையா என்று கேட்பவர்களுக்கு: என் தம்பிக்கு நாற்பத்தைந்து, அவன் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியர்.)

போனதும் ஒரு பெரிய பெட்டியை என் மடியில் வைத்தான். உள்ளே ராட்சசன். ஒன்றரைச் சாண் உயரம், சாம்பல் நிறப் பிளாஸ்டிக். தொப்பை, தாடி, தோளில் வேரோடு பிடுங்கிய மரம்.

"மார்ச் இருபத்தெட்டு பெரிய ஆட்டம். பக்கத்து ஊர்க் குழு வர்றாங்க. இவன்தான் பாலத்தைக் காக்கணும். அக்கா, நீ கண்ணு வெச்சாதான் இவன் முழிச்சுப் பாப்பான்."

பத்து வருடமாக அந்த மேஜையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கண் வைத்தவள் நான். கடுகை நாலாகப் பிளந்த அளவுக் கண். அவன் கேட்டதில் தப்பே இல்லை. நான் "சரிடா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

அவன் அலமாரிக் கதவின் உள்பக்கம் எங்கள் சட்டம் இருக்கிறது. நான் எழுதியதுதான், மெல்லிய தூரிகையில், சிவப்பில்.

நிறம் பூசாதது மேஜை ஏறாது.
சாயத்தில் முக்கி எடுத்ததும் மேஜை ஏறாது.

பிப்ரவரி 9, திங்கள்

பழைய வீரன் ஒருவனுக்குக் கண் வைத்துப் பார்த்தேன். கண் போய்க் காதில் விழுந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

இடது கையால் முயன்றேன். மணிக்கட்டுக்குக் கீழே நாலு புத்தகம் அடுக்கி முயன்றேன். மூச்சை அடக்கி முயன்றேன். வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார்.

"தம்பிகிட்ட சொல்லிடேன். அவன் என்ன, வேத்து ஆளா?"

வேத்து ஆள் இல்ல, அதான் பிரச்சினை. வேத்து ஆள்னா ஒரு தடவை பாவம்னு சொல்லிட்டுப் போயிடுவான். இவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கையையே பாப்பான். டீ கப்பை நான் எடுக்கறதுக்கு முன்னாடி அவனே எடுத்துக் கொடுப்பான். எனக்கு அது வேணாம். லேப்ல பெட்டி கட்டறேன், சரி. தம்பி வீட்டு ஆட்டத்துக்கு மட்டும்தான் இன்னும் தூரிகை பிடிக்கறேன். அதையும் விட்டா நான் யாரு?

இதை அவரிடம் சொல்லவில்லை. "விளக்கை மறைக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 14, சனி

சளி என்று பொய் சொல்லிவிட்டு ஆட்டத்துக்குப் போகவில்லை. தம்பி போனில் ஆவி பிடிக்கச் சொன்னான். பொய்க்கு மரியாதை கொடுத்து ஆவியும் பிடித்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நேற்று முழுக்கப் பாலிஷ்காரர் ஞாபகம்.

எங்கள் குழுவில் ஆரம்பத்தில் ஒருவர் இருந்தார். மரச்சாமான் பட்டறையில் கட்டிலுக்கும் கதவுக்கும் பாலிஷ் போடுகிறவர். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இருபது வீரர்களைக் கொண்டுவந்தார். சட்டைக்கு ஒரு நிறம், தோலுக்கு ஒரு நிறம், அவ்வளவுதான் பூசியிருந்தார். அப்புறம் ஒவ்வொருவனையும் இடுக்கியில் பிடித்து, மரத்துக்குப் போடுகிற பழுப்பு ஸ்டெயின் டப்பாவில் முக்கி எடுத்து, உதறிக் காயவிட்டிருக்கிறார். ஸ்டெயின் தானாகவே ஓடிப்போய் மடிப்பிலும் குழியிலும் தங்கி நிழலாகிவிடும், மேடான இடம் வெளிச்சமாக நிற்கும் என்று விளக்கினார். ஆசையாகத்தான் விளக்கினார்.

நான் ஒருவனைத் தூக்கிப் பார்த்து, "இது பெயிண்ட் அடிச்சதா, டீயில முக்கின பிஸ்கட்டா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். நான் எழுந்து போய் அலமாரியைத் திறந்து சட்டத்தில் இரண்டாவது வரியைச் சேர்த்தேன். மறுவாரம் அவருக்கு ஓவர்டைம் என்றார்கள். அதற்கடுத்த வாரமும் ஓவர்டைம். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

ஒரு வீரனுக்கு நான் ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்வேன். அவர் இருபது பேரை ஒரு வாரத்தில் முடித்திருந்தார். அதுதான் என்னைச் சுட்டது என்று இப்போது எழுதலாம். யாரும் பார்க்கவில்லையே.

பிப்ரவரி 20, வெள்ளி

போனேன். வெட்கத்தைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் கூடவேதான் வந்தது.

பாலிஷ்காரரின் பட்டறை முழுக்க மரத்தூள். ஒரு சாப்பாட்டு மேஜையைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை கொஞ்சம் நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் கை நின்றது, அப்புறம் மறுபடி தேய்த்தது.

"வாங்க மேடம். என்ன வேணும்?"

"மரத்துக்குப் போடற ஸ்டெயின் ஒரு டப்பா. நாற்காலிக்கு."

"என்ன மாதிரி நாற்காலி?"

"பெரிய நாற்காலி."

"எத்தனை கால்?"

"ரெண்டு."

அவர் சிரிக்கவே இல்லை. உள்ளே போய் ஒரு சின்ன டப்பா எடுத்து வந்தார். வால்நட் நிறம், வார்னிஷ் கலந்தது. "இது வழியும், காயும், கெட்டியாவும் புடிச்சுக்கும். கைக்கு உறை போட்டுக்குங்க, ஜன்னலைத் திறந்து வைங்க. சின்னதுன்னா முக்கி எடுத்து உதறலாம். ரெண்டு கால் நாற்காலின்னா முக்க முடியாது, அகலத் தூரிகையால பூசணும். பூசிட்டு விட்டுட்டு..."

"தெரியும், தெரியும்" என்றேன். சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்றிருந்தது.

"டீ வந்திருக்கு. குடிச்சிட்டுப் போங்க மேடம்." கொஞ்சம் நிறுத்தி, "பிஸ்கட்டும் இருக்கு" என்றார்.

அவர் மறக்கவில்லை. குடிக்காமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பால்கனியில் செய்தித்தாளை விரித்து, கைவிட்ட பழைய வீரர்கள் மூன்று பேரை முக்கி எடுத்தேன். முக்கி எடுக்கும்போது கை ஆடியது. ஆடினால் என்ன, உதறத்தானே வேண்டும்! என் கை அதுவாகவே உதறிக் கொடுத்தது.

பிப்ரவரி 23, திங்கள்

லேபுக்குப் போகும் முன் பால்கனிக்கு ஓடினேன்.

சட்டை மடிப்பு ஒவ்வொன்றிலும் நிழல். விரலுக்கு விரல் நடுவே கோடு. இடுப்பு வாரின் துளைகூடத் தெரிகிறது. கொஞ்சம் அழுக்காக, கொஞ்சம் களைப்பாக, நிஜமாகவே பத்து நாள் நடந்து வந்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள். என் வீரர்கள் எப்போதும் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் மாதிரி இருப்பார்கள். இவர்கள் சண்டைக்குக் கிளம்பியவர்கள்.

நன்றாக இருக்கிறது. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 28, சனி

ராட்சசனுக்கு அடிவண்ணம் போட்டாயிற்று. தோல் ஒரு நிறம், தாடி ஒரு நிறம், இடுப்புத் துணி, மரம். எல்லாமே விரல் அகலத் தூரிகையால். விளிம்பு தாண்டின இடத்தை மறுபடி பூசித் திருத்திக்கொள்ளலாம். நிழல் விழுவதற்கு முன்னால் ஆள் பார்க்கப் பொம்மைக்கடைப் பொம்மையாக இருக்கிறான். பரவாயில்லை.

வீட்டுக்காரர் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார். கூடத்தில் நல்ல இடம் அவனுக்குத்தான், மின்விசிறிக் காற்று அவனுக்குத்தான், அவனைத் தாண்டிப் போகும்போது நாங்கள்தான் ஒதுங்கிப் போகிறோம், ஆகையால்.

மார்ச் 5, வியாழன்

விடுப்பு எடுத்து இன்று ஸ்டெயின் பூசினேன். தலை முதல் கால் வரை, தாராளமாக. அரை மணியில் முடிந்தது. இவ்வளவு சுலபமான வேலைக்கா பத்து வருடம் முதுகு வளைத்தேன்? தூரிகையைக் கழுவிவிட்டு நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன், பகலிலேயே.

மார்ச் 6, வெள்ளி

நாசம்.

சின்ன வீரனுக்கு மேடும் பள்ளமும் அடுத்தடுத்து இருக்கும், ஸ்டெயின் தானே இடம் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். இவனுக்குத் தொப்பையே என் உள்ளங்கை அகலம். அதற்கு எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை. நடுவயிற்றில் ஒரு கறை, அங்கிருந்து தொடை வரை வழிந்த நாலு கோடு, தாடிக்கு அடியில் சொட்டு சொட்டாக உறைந்து தொங்குகிறது. மாப்பிள்ளை மேல் யாரோ குழம்புச் சட்டியைக் கவிழ்த்துவிட்டார்கள்.

"பூசிட்டு விட்டுட்டு" என்று அவர் ஏதோ சொல்ல வந்தாரே. தெரியும், தெரியும்னு சொன்னேன். என்ன தெரியும் எனக்கு?

இருபத்திரண்டு நாள் இருக்கிறது. அழுதேன். ராட்சசனுக்காக இல்லை.

மார்ச் 7, சனி

தம்பியிடம் இந்த முறை வயிற்று வலி என்றேன். ராட்சசனைப் பழைய துண்டில் சுற்றி, காய்கறிப் பையில் நிறுத்திப் பட்டறைக்குக் கொண்டு போனேன். பேருந்தில் பையிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டே வந்தது.

அவர் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூசிட்டு விட்டுட்டுப் போயிட்டீங்க."

"ஆமா."

"அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். பூசிட்டு விட்டுட்டுப் போகக் கூடாது. கதவுக்கும் அப்படித்தான், மேடம். பெரிய பரப்புல அது தானா நிக்காது, நாமதான் கூட நிக்கணும். காஞ்ச தூரிகையால தேங்கினதை ஒத்தி ஒத்தி எடுக்கணும், கால் மணி, இருபது நிமிஷம், அது இறுகற வரைக்கும்."

டர்பென்டைன் நனைத்த துணியால் தொப்பையைத் துடைத்தார். பாதி வந்தது, பாதி வரவில்லை. வராததன் மேல் மறுபடி அடிவண்ணம் பூசிக்கொள்ளலாம் என்றார். துணியை என்னிடம் கொடுத்து முதுகைத் துடைக்கச் சொன்னார். வாங்கும்போது என் கையைப் பார்த்துவிட்டார். நானும் மறைக்கவில்லை.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷம் ஆகப் போகுது."

தலையை ஆட்டினார். பாவம் என்று சொல்லவில்லை. இன்னொரு துணி எடுத்து அவர் பங்குக்கு ஒரு காலைத் துடைக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் துடைத்துக்கொண்டிருந்தோம்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"எது?"

"பிஸ்கட்."

"அது நல்ல ஜோக்தான். நானே வீட்ல போய்ச் சொன்னேன்." துணியை மடித்தார். "சட்டம்தான் கொஞ்சம் வலிச்சுது."

மன்னிச்சுக்குங்க என்றேன். சரியான நேரத்தில் பக்கத்தில் யாரோ ரம்பத்தை ஓட்டினார்கள். கேட்டதோ இல்லையோ. இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன். கேட்டுது, கேட்டுது என்று கையைக் காட்டினார்.

கிளம்பும்போதுதான் கண் விஷயத்தைக் கேட்டேன். ராட்சசனுக்கே கண் மிளகு அளவுதான், என் கையில் அதுவும் வராது.

"எதுக்குக் கண்ணு? புருவம் பாருங்க, தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டு குழியிலயும் மட்டும் ஸ்டெயினைத் தேங்க விடுங்க. அங்க ஒத்தி எடுக்காதீங்க."

உங்கள் படை எங்கே, காட்டுங்களேன் என்றேன். "வீட்ல இருக்கு" என்றார். இருபத்தெட்டாம் தேதி வாருங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். வர மாட்டேன் என்பதற்கு எல்லாரும் சொல்வது அதுதானே.

மார்ச் 10, செவ்வாய்

தொப்பைக்கு மறுபடி அடிவண்ணம். காயட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று கூடவே நின்றேன். தொப்பை, பிறகு முதுகு, பிறகு ஒவ்வொரு காலாக. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பூசாமல் பகுதி பகுதியாக. தேங்கும் இடத்தைக் காய்ந்த தூரிகையால் ஒத்தி, துணியில் துடைத்து, மறுபடி ஒத்தி. இதற்கு நேர்க்கோடு போடுகிற கை வேண்டாம், கவனிக்கிற கண் போதும். கண் எனக்கு நன்றாகவே இருக்கிறது. பல்லில் நீலமா சாம்பலா பார்த்த கண். எங்கே நிழல் அதிகம், எங்கே போதும் என்று அதற்குத் தெரிகிறது.

கை ஆடிக்கொண்டேதான் இருந்தது. இரண்டு மணி நேரம் அதை நான் நினைக்கவே இல்லை.

கடைசியில் கண்குழிகளில் குழிக்கொரு சொட்டு. தொடாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

பார்க்கிறான்! கண்ணே இல்லை, பார்க்கிறான். புருவத்துக்கு அடியில் இருட்டு. அந்த இருட்டிலிருந்து பார்க்கிறான். வீட்டுக்காரர் தினமும் வீட்டுச் சாவியை அவன் பக்கத்தில்தான் வைப்பார். இன்று சற்றுத் தள்ளி வைத்தார்.

மார்ச் 21, சனி

ஐந்து நாளாக மழை. ஸ்டெயின் காய்ந்து பளபளவென்று மின்னுகிறது. மினுமினுப்பை அடக்க மேட் ஸ்பிரே அடிக்க வேண்டும். ஆனால் ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும், மறந்தும் டப்பாவைத் தொடாதீர்கள் என்று பாலிஷ்காரர் போனில் சொன்னார். அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

"மாப்பிள்ளை இப்பதான் குளிச்சிட்டு வந்தாரா? துவட்டி விடு, சளி புடிக்கும். உனக்குத்தான் அடிக்கடி புடிக்குதே" என்கிறார் வீட்டுக்காரர். குத்தல்.

மார்ச் 27, வெள்ளி

காலையில் வெயில். லேபுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். மேட் ஸ்பிரே அடித்தாயிற்று. மினுமினுப்பு அடங்கி, தோல் தோலாகிவிட்டது, மரம் மரமாகிவிட்டது.

மார்ச் 28, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் விட்டுப்போகும்.

துண்டை அவிழ்த்து ராட்சசனைப் பாலத்தின் மேல் நிறுத்தினேன். பக்கத்து ஊர்க் குழுவினர் நாலு பேர், எங்கள் ஆட்கள் மூன்று பேர். ஒருவர் குனிந்து தொப்பையைப் பார்த்தார், ஒருவர் தாடியைப் பார்த்தார். தம்பி முகத்தை மட்டும் பார்த்தான்.

"அக்கா, கண்ணு வைக்கலையா?"

"இல்ல."

"மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சளி, வயிற்று வலி, அடுத்தது மறதி. இப்படியே எத்தனை சனிக்கிழமை?

"கை நடுங்குதுடா. கண்ணு வைக்க வரல. இனிமே வராது." கையை மேஜைக்கு மேலே நீட்டிக் காட்டினேன். அது தன் பாட்டுக்கு ஆடியது.

"எப்போலேர்ந்து?"

"போன ஏப்ரல்."

அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். குழாய் திறந்த சத்தம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்தான், கண் மட்டும் சிவந்திருந்தது. ராட்சசன் முன்னால் மறுபடி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான்.

"இவன் யாரையும் பாக்க வேணாம்" என்றான். "எல்லாரும் இவனைப் பாக்கட்டும்."

அத்தோடு விட முடியவில்லை. இது முக்கி எடுக்கிற வேலை, பாலிஷ்காரர் சொல்லிக்கொடுத்தது, நம் சட்டப்படி இவன் மேஜை ஏறக் கூடாது என்றேன். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, அகலத் தூரிகையில் வெள்ளை தொட்டு இரண்டாவது வரியை அடித்தேன். மெல்லிய தூரிகையில் பத்து நிமிடம் எழுதினது, அகலத் தூரிகையில் இரண்டே இழுப்பு. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், "சட்டசபை முடிஞ்சுதுன்னா போரை ஆரம்பிக்கலாமா?" என்றார்.

முதல் பகடை என்னுடையது. "நானே போடறேன், குலுக்கற சிரமமே இல்ல" என்றேன். சிரிக்கலாமா கூடாதா என்று எல்லாரும் விழித்தார்கள். தம்பிதான் முதலில் சிரித்தான்.

புதிதாக நிறம் பூசியவன் முதல் ஆட்டத்திலேயே சாவான் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. மாப்பிள்ளை மூன்றாவது சுற்றில் விழுந்தான். விழுந்தது எதிராளியின் குதிரைப்படை மேல். பதினோரு பேர் காலி. பாலம் எங்களுக்கு.

பாலிஷ்காரர் வரவில்லை. வாசல் பக்கம் நாலைந்து தடவை பார்த்தேன்.

ஏப்ரல் 1, புதன்

தம்பி லேப் வாசலில் வந்து நின்றான். பேருந்து நிறுத்தம் வரை கூட நடந்தான். ஒன்றும் கேட்கவில்லை. டீ குடித்தோம். என் கப்பை நானே எடுத்தேன், கொஞ்சம் சிந்தியது. அவன் அவனுடைய கப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு கஷ்டப்பட்டுப் பார்த்தான், பாவம்.

ஏப்ரல் 4, சனி

லேபுக்குப் போகும் வழியில் பட்டறையில் எட்டிப் பார்த்தேன். அலமாரிக் கதவைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். ஒரு வரிதான் இருக்கிறது. அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கி, வெள்ளை அடித்த இடத்தைப் பார்த்தார்.

"தேய்க்காம அடிச்சிருக்கீங்க. சிவப்பு மறுபடி தெரியும், மேடம். இன்னொரு கை போடணும்" என்றார்.

ஏப்ரல் 11, சனி

மத்தியானம் தம்பி வீட்டு வாசலில் பாலிஷ்காரர். ஒரு கையில் அட்டைப்பெட்டி, இன்னொரு கையில் உப்புத்தாள். முதலில் அலமாரிக் கதவைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

அவருடைய படை என்று பெட்டியை ஆசையாகத் திறந்தேன். அன்றைக்குக் கொண்டுவந்த இருபது பேர் இல்லை, வேறு முப்பத்தாறு வீரர்கள். ஒருவன்கூட நிறம் பார்க்கவில்லை. அத்தனை பேரும் சாம்பல். வார்த்தெடுத்த பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்தே இன்னும் பிரிக்காதவர்கள் பாதிப் பேர்.

"எப்ப வாங்கினது?"

"அந்த வாரம்தான். பிஸ்கட் சனிக்கிழமைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை."

"அஞ்சு வருஷமா ஒருத்தனைக்கூட முக்கலையா?"

"முக்கி எங்க நிறுத்தறது, அக்கா?"

அக்கா என்றார். தம்பி டீ கொண்டுவந்து வைத்தான். பிஸ்கட்டும். பாலிஷ்காரர் ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். வாங்கி முக்கினேன். பாதி உடைந்து டீக்குள் போய்விட்டது.

"விட்டுட்டீங்க. கூடவே நிக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

அகலத் தூரிகையை எடுத்துக்கொண்டேன். அடிவண்ணம் நான், முக்குவது அவர், சட்டகத்திலிருந்து பிரிப்பது தம்பி என்று பேசி வைத்திருக்கிறோம். இன்று எட்டுப் பேர் முடிந்தார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் பன்னிரண்டு பேராவது மேஜை ஏறிவிடுவார்கள்.